பூனைக்கு நாம் யார்?

போன வருடம் சின்ன அறுவை சிகிச்சை ஒன்றுக்காக ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். ஆட்டோவில் வரும்போதே மனசெல்லாம் பஞ்சுதான். வெள்ளை உடம்பில் அங்கங்கே சாம்பல் திட்டு போட்ட என் பூனை. கதவைத் திறந்ததும் ஓடிவந்து காலைச் சுற்றுவாள், குனிந்து தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, எப்படிச் சமாளிப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

சமாளிக்க வேண்டிய தேவையே வரவில்லை. கதவருகே வந்தவள் மூன்றடி தள்ளி நின்றாள். கழுத்தை மட்டும் நீட்டி என் கால் பக்கம் மோந்து பார்த்தாள். காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்தன. உடம்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கமாகவே நகர்ந்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

“அஞ்சே நாள்ல மறந்துடுச்சு பார்த்தியா? நாய்னா இப்படிச் செய்யுமா?” என்றார் அப்பா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மா வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிட்டார். மருத்துவமனையில் போட்டிருந்த துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கமாகப் போடும் பழைய நைட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். தினமும் சாப்பாடு வைக்கும்போது கூப்பிடுகிற அதே இழுவையில் “பஞ்சூ...” என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து முகம் எட்டிப் பார்த்தது. அப்புறம் உடம்பு. அப்புறம், நேராக நிமிர்ந்து நுனி மட்டும் கொக்கிபோல வளைந்த வால். வந்து கன்னத்தை என் முழங்காலில் தேய்த்தாள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி.

அவள் எதையும் மறந்திருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற ஆளுக்கு என் முகம் இருந்தது. வாசனை வேறு யாருடையதோ. பூனையின் கணக்கில் அது நான் இல்லை. பூனை இந்த உலகத்தை எப்படி உணர்கிறது, அதில் நம்மை எங்கே வைத்திருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதல்முறையாகப் பூனை வளர்ப்பவர்களுக்கும், ‘இது நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறதே’ என்று மனம் வாடியிருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இருட்டில் தெரியும், ஆனால் மங்கலாக

பூனைக்கு இருட்டில் கண் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். கும்மிருட்டில் பூனைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும். மங்கிய ஒளியை வாங்குகிற செல்கள் அதன் விழித்திரையில் நிறைய உண்டு. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலமும் இருக்கிறது. முதல் தடவை பிடிபடாமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்ப, அந்த ஒளி இன்னொரு முறை விழித்திரையில் விழும். இரவில் டார்ச் அடித்தால் பூனைக் கண் பளீரென்று மின்னுவது இந்தப் படலத்தால்தான். இவ்வளவு கூச்சமுள்ள கண்ணுக்கு நடுப்பகல் வெயில் தாங்காது. அதனால்தான் பகலில் கண்மணி ஒரு கோடாகச் சுருங்கிக்கொள்கிறது.

ராத்திரிப் பார்வைக்காகப் பூனை இழந்திருப்பது தெளிவை. நமக்கு நூறு அடி தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு பொருளைப் பூனை இருபது அடிக்குள் வந்து பார்த்தால்தான் அதே அளவுக்குத் தெரியும். சில பூனைகள் இன்னும் நெருங்கி வரவேண்டும். மாடியில் உட்கார்ந்து, தெருமுனையில் வரும் உங்களை அது பார்க்கிறது என்றால், உங்கள் கண்ணும் மூக்கும் அதற்குத் தெரிந்திருக்காது. ஒரு உருவம், அதன் நடை, அவ்வளவுதான்.

கிட்டப் பார்வை இதைவிட மோசம். ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைப் பூனையால் கூர்ந்து பார்க்கவே முடியாது. பொரித்த நெத்திலி ஒன்றைப் பஞ்சுவின் முகத்துக்கு நேர் கீழே போட்டுப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் மோந்தாள், வலது பக்கம் மோந்தாள், தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள், மீன் மேலேயே கால் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து “எங்கே?” என்பதுபோல் கத்தினாள். முட்டாள்தனம் இல்லை அது. அந்த இடத்தில் அவள் கண்ணுக்கு வெறும் மங்கல். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் மீசை இருக்கிறது. இரையைக் கவ்வும் கணத்தில் மீசை முடிகள் முன்னால் பாய்ந்து, கூடைபோலக் குவிந்து, வாய்க்கு முன்னால் இருப்பதைத் தடவிப் பார்த்துவிடும். முகத்தில் மட்டுமல்ல, கண்ணுக்கு மேலேயும் முன்னங்கால்களின் பின்பக்கத்திலும் அதே மாதிரி முடிகள் உண்டு. அவற்றை வெட்டுவது, குழந்தைகள் விளையாட்டாகப் பிடித்து இழுப்பது, இரண்டையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

அசைவு விஷயத்தில் மட்டும் பூனைக் கண்ணை மிஞ்ச முடியாது. எங்கள் வீட்டு டியூப்லைட் பக்கத்தில் ராத்திரியானால் ஒரு பல்லி வரும். அது ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், பஞ்சுவின் உடம்பு முழுக்க விறைக்கும், தாடை மட்டும் கிடுகிடுவென்று ஆடும், தொண்டையிலிருந்து ‘கெக்கெக்’ என்று ஒரு சத்தம் வரும். பல்லி அசையாமல் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவள் கண் அலையத் தொடங்கும். பல்லி அங்கேயேதான் இருக்கும். அவளுக்குத்தான் அது சுவரோடு சுவராகிவிட்டது.

நிறத்தில் நீலமும் மஞ்சள் கலந்த பச்சையும் பூனைக்குத் தெரியும். சிவப்பு தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய சிவப்புப் பந்தை அது சட்டை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் ஒரு பகுதியைப் பூனையின் விழிலென்ஸ் உள்ளே விடுகிறது என்று 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெறும் சுவரைப் பூனை வெறித்துப் பார்த்தால் பேயைப் பார்க்கிறது என்று பயப்பட வேண்டாம்.

காதுக்கு உறக்கமில்லை

கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாகப் பூனை நினைத்துக்கொள்ளுமாம். நம்மிடம் இப்படி ஒரு பழமொழி இருக்கிறது. பூனையோடு ஒரு மாதம் இருந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணை மூடினாலும் அதன் உலகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பூனை தூங்கும்போது காதைப் பாருங்கள். ஒன்று சமையலறைப் பக்கம், இன்னொன்று வாசல் பக்கம், தனித்தனியாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

நல்ல காதுள்ள மனிதருக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை. பூனைக்கு 85,000 வரை கேட்கும் என்று 1985இல் வெளியான ஒரு அளவீடு சொல்கிறது. பாலூட்டிகளில் இவ்வளவு அகலமான கேட்கும் திறன் உள்ளவை கொஞ்சம்தான். காரணம் எலி. எலிகளும் சுண்டெலிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலில். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான் பூனை பிழைத்து வந்திருக்கிறது.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் உண்டு. பிளக்கில் மாட்டினால் எலி ஓடிவிடும் என்று விற்கும் மெஷின்கள் எழுப்புகிற ஒலி, நமக்குக் கேட்காத, பூனைக்கு நன்றாகவே கேட்கிற எல்லையில் இருக்கிறது. நமக்கு அமைதியாக இருக்கும் அறையில் பூனை இராப்பகலாக இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும். பூனை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். தீபாவளி அன்று ஜன்னல்களை அடைத்து, பீரோவுக்குப் பின்னாலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ ஒளிய இடம் செய்து கொடுங்கள். ஒளிந்தால் இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள்.

அப்பாவின் ஸ்கூட்டர் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே பஞ்சு எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டு அண்ணன் வைத்திருப்பதும் அதே கம்பெனி, அதே மாடல் ஸ்கூட்டர்தான். அது வந்தால் காதுகூட அசையாது.

மூக்கு சொல்லும் சேதி

பூனையின் உலகத்தில் நமக்குப் புரியாமலே போகும் பகுதி இதுதான். நமக்கு ஒரு வீடு என்றால் சுவர், கதவு, நாற்காலி. பூனைக்கு ஒரு வீடு என்றால் வாசனைகளால் போட்ட வரைபடம். கன்னம், தாடை, நெற்றி, வாலின் அடி எல்லாவற்றிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு மூலை, மேசைக்கால், உங்கள் முழங்கால் என்று அது முகத்தைத் தேய்த்துக்கொண்டே போவது, ‘இது எனக்குத் தெரிந்த இடம்’ என்று எழுதிவைப்பது போன்றது. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி உரசிப் பொதுவான ஒரு வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. நம்மையும் அந்தக் கூட்டில் சேர்க்கத்தான் நம்மேல் உரசுகிறது. வேலைக்குப் போய்விட்டு வரும் நம்மேல் ஊரின் வாசனையெல்லாம் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துப் பழைய வாசனையை மறுபடி பூசவேண்டும் அல்லவா?

இரண்டு பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கூட்டி வந்தால், இத்தனை நாள் கட்டிப்பிடித்துத் தூங்கிய மற்றொன்று அதைப் பார்த்துச் சீறும். என் கதைதான் அதற்கும். உருவம் பழையது, வாசனை புதியது. இரண்டையும் கொஞ்ச நேரம் தனித்தனி அறையில் வைத்து, வீட்டுத் துணி ஒன்றால் வந்த பூனையைத் துடைத்துவிட்டு, பிறகு சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2025இல் தோக்கியோ ஆய்வாளர்கள் முப்பது பூனைகளிடம் மூன்று குழாய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் வளர்ப்பவரின் அக்குள், காதின் பின்பக்கம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் தேய்த்த பஞ்சு. ஒன்றில் முன்பின் தெரியாதவருடையது. ஒன்று வெறும் குழாய். தெரியாதவரின் வாசனையைப் பூனைகள் அதிக நேரம் மோந்தன. வளர்ப்பவருடையதைச் சட்டென்று மோந்துவிட்டு விட்டுவிட்டன. தெரிந்த வீட்டை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லையே.

பூனை சில சமயம் எதையோ மோந்துவிட்டு வாயை அரைகுறையாகத் திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, முகம் சுளித்த மாதிரி அப்படியே நிற்கும். அருவருப்பு இல்லை. மேல்வாயில், முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. அவை வழியாக வாசனையை இன்னொரு உறுப்புக்கு அனுப்பிப் பரிசோதிக்கிறது. மற்றப் பூனைகள் விட்டுச்சென்ற சேதிகளைப் படிக்கும் உறுப்பு அது.

நம் ஊர்க்காரர்கள் பூனையின் மூக்கை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். வேலியோரம், குப்பைமேட்டில் தானாக வளரும் குப்பைமேனிக்கு ‘பூனைவணங்கி’ என்று இன்னொரு பெயர் உண்டு. அதை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதைச் சுற்றிச் சுற்றி வரும், முகத்தைத் தேய்க்கும், புரளும். பார்ப்பதற்கு அது செடியைக் கும்பிடுகிற மாதிரியே இருக்கும். பெயர் வைத்தவர் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு மாற்றம் கட்டாயம் செய்யுங்கள். பினாயிலை விட்டுவிடுங்கள். மணம் காட்டமாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. பீனால் வகைப் பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் விஷம் நேரே உள்ளே போகும். பாராசிட்டமாலும் இதே போன்ற காரணத்தால் பூனைக்கு எமன். ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

நாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று பிலடெல்பியாவின் மோனல் ஆய்வு மையத்தார் 2005இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலி என்கிற சீட்டாவுக்கும் அதே கதைதான். ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று கேட்போமே, குடிக்கும். ஆனால் இனிப்புக்காக அல்ல, கொழுப்புக்காக. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். தண்ணீர் வையுங்கள்.

நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறது?

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்: “நாய்னா இப்படிச் செய்யுமா?”

நாயின் முன்னோர் ஓநாய்கள், கூட்டமாக வேட்டையாடியவை. பூனையின் முன்னோர் மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தனியாகத் திரிந்த காட்டுப்பூனைகள். சுமார் பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் மேற்கு ஆசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் அதைக் கட்டிப் பழக்கவில்லை, தானாக வந்து தங்கியது. சைப்ரஸ் தீவில் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் பூனையின் முழு எலும்புக்கூடும் கிடைத்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டமும் தலைவனும் இல்லாத பரம்பரையில் வந்ததால், ‘எஜமான்’ என்ற நினைப்பு பூனையிடம் இல்லை. நம்மை அது வேலைக்காரராக நினைக்கிறது என்று சொல்லிச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் அடிப்படை கிடையாது. பிரிட்டனில் பல வருடம் பூனைகளை ஆராய்ந்த ஜான் பிராட்ஷா சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது: பூனை நம்மிடம் பழகும் விதமும், தனக்குப் பிடித்த இன்னொரு பூனையிடம் பழகும் விதமும் ஒன்றுதான். வாலை நிமிர்த்திக்கொண்டு வருவது, உரசுவது, நக்கிவிடுவது எல்லாம் பூனைகளுக்குள் இருக்கும் மரியாதைகள். மனிதருக்கென்று அது தனி முறை எதையும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. மியாவ். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கூப்பிட்டுக்கொள்வது அரிது. குட்டிதான் தாயைப் பார்த்து அப்படிக் கத்தும். அந்தக் குட்டிக் குரலை நம்மிடம் மட்டும் பூனை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்கிறது. நம் மடியில் முன்னங்கால்களால் மாவு பிசைவது போலப் பிசைவதும், பால் சுரப்பதற்காகத் தாயின் வயிற்றைப் பிசைந்த பழக்கத்தின் மிச்சம்தான். அதனால் நம்மை அது பாதி கூட்டாளியாகவும் பாதி தாயாகவும் வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

‘குர்... குர்...’ சத்தமும் அப்படித்தான். பெரும்பாலும் நிம்மதியின் அடையாளம். ஆனால் வலியில் இருக்கும் பூனையும் அப்படிச் செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் காரன் மெக்கோம்ப் குழு 2009இல் ஒரு விஷயத்தைக் கவனித்தது. சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் அந்தக் குர்குர் சத்தத்துக்குள் உயர்ந்த ஒரு அழுகுரலைக் கலந்துவிடுகின்றன. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அதைக் கேட்டால் அவசரமாகத் தோன்றியது. காலை ஐந்தரைக்கு என் காதோரம் வரும் சத்தம் அதுதான் என்று படித்தவுடனே தெரிந்துவிட்டது.

கூப்பிட்டால் வராதது, கேட்காததால் அல்ல

பூனை வளர்க்கும் எல்லோருக்கும் உள்ள குறை இது. ஜப்பானின் அட்சுகோ சைட்டோ இதைப் பொறுமையாகச் சோதித்தார். 2013இல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத மூன்று பேர் பூனையின் பெயரைச் சொன்ன பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பூனைகளின் ஆர்வம் மெல்ல மெல்லக் குறைந்தது. நான்காவதாக வளர்ப்பவரின் குரல் வந்ததும் காது திரும்பியது, தலை திரும்பியது. அதோடு சரி. எழுந்து வரவில்லை, பதில் குரல் கொடுக்கவில்லை. குரலை அடையாளம் தெரிந்தும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டன.

2019இல் பெயரையே சோதித்தார். பூனையின் பெயரைப் போலவே நீளமும் ஏற்ற இறக்கமும் கொண்ட நான்கு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகப் பெயரைச் சொன்னால் காது நிமிர்கிறது. தெரியாதவர் சொன்னாலும் நிமிர்கிறது. பூனைக்குத் தன் பெயர் தெரியும்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது கியோத்தோ பல்கலைக்கழகத்தின் 2021ஆம் வருட ஆய்வு. பூனை அறைக்குள் இருக்கிறது. வளர்ப்பவரின் குரல் அறைக்கு வெளியே ஒரு ஸ்பீக்கரில் கேட்கிறது. அடுத்த சில விநாடிகளில் அதே குரல் முற்றிலும் வேறொரு இடத்தில் கேட்கிறது, மனிதரால் அவ்வளவு சீக்கிரம் போயிருக்கவே முடியாத இடத்தில். பூனைகள் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தன. மனிதக் குரலுக்குப் பதில் வேறு சத்தங்களைப் போட்டபோது அப்படித் திடுக்கிடவில்லை. என்ன அர்த்தம்? கண்ணுக்குத் தெரியாதபோதும் நாம் வீட்டில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பூனை மனசுக்குள் குறித்துவைத்திருக்கிறது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் பூனையை இனி வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். நீங்கள் சமையலறையில் இருக்கிறீர்கள், பின்கட்டுக்குப் போனீர்கள், திரும்பி வந்தீர்கள் என்று அந்தக் காது கணக்கு வைத்துக்கொண்டே படுத்திருக்கிறது.

பாசம் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலே குழு 2019இல் ஒரு விடை தந்தது. கைக்குழந்தைகளுக்குச் செய்யும் சோதனையைப் பூனைகளுக்குச் செய்தார்கள். புது அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், மறுபடி வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள், ஆள் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, வந்து ஒட்டிவிட்டு, நிம்மதியாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டன. மனிதக் குழந்தைகளிலும் ஏறக்குறைய இதே பங்குதான் அப்படிச் செய்யும். திரும்பி வந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருப்பது மட்டும் பாசம் இல்லை. ‘இவர் இருக்கிறார், இனிப் பயமில்லை’ என்று விளையாடப் போவதும் பாசம்தான்.

எல்லாப் பூனையும் இப்படி ஒட்டுமா என்றால், ஒட்டாது. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் நெருங்கிப் பழகுகிறதோ அதெல்லாம் அதற்குச் சொந்தம். அந்த நாள்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பிறகு எவ்வளவு அன்பு காட்டினாலும் ஒரு கை தூரத்திலேயே நிற்கக்கூடும். பஞ்சு எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிறந்தவள். ஐந்து வாரக் குட்டியாக அம்மா கையில் ஏறினாள். அவளோடு பிறந்த வரிப்பூனைக் கடுவன் அப்போது எங்கோ ஒளிந்துகொண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டான். இன்றைக்கும் தினமும் சாப்பிட வருகிறான். தட்டை வைத்துவிட்டு நான் நாலடி பின்னால் போனால்தான் சாப்பிடுவான். குற்றம் அவனுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. அவன் தூரத்தை மதித்து நடந்தால் போதும்.

பூனைக்குப் புரிகிற மாதிரி

முதலில், மேலிருந்து கையைக் கொண்டுபோய்த் தலையில் வைக்காதீர்கள். கீழே உட்கார்ந்து ஒரு விரலை நீட்டுங்கள், ஒரு சாணுக்கு அப்பால். அது வந்து மூக்கை வைத்து மோந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் அனுமதி கிடைத்துவிட்டது. மோந்துவிட்டு நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

வெறித்துப் பார்க்க வேண்டாம். பூனைகளுக்குள் அது சண்டைக்கு அழைப்பு. மாறாக, கண்ணைப் பாதி மூடி, மெதுவாகச் சிமிட்டிப் பாருங்கள். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, மெதுவாகச் சிமிட்டியவரைப் பார்த்துப் பூனைகளும் பதிலுக்கு அதிகம் சிமிட்டின. அப்படிச் செய்த புது ஆளிடமும் விரும்பி நெருங்கின. அந்த வரிப்பூனையோடு எனக்கு இருக்கும் ஒரே உறவு இதுதான். நான் சிமிட்டுவேன். அவன் சாப்பாட்டை நிறுத்தி, ஒரு நொடி யோசித்து, சிமிட்டுவான்.

வாலை வேகமாக அப்படியும் இப்படியும் அடித்தால் ‘போதும்’ என்று அர்த்தம். நாய் வாலாட்டுவதோடு குழப்பிக்கொண்டு கடி வாங்குபவர்கள் நிறைய. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் அது நம்பிக்கை. தடவச் சொல்லும் அழைப்பாக இருக்க வேண்டியதில்லை. சோபாவைப் பிறாண்டியதற்கோ பாயில் மூத்திரம் போனதற்கோ அடிக்கவே அடிக்காதீர்கள். நேற்றுச் செய்ததற்கு இன்று விழும் அடியைப் பூனையால் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது. உங்கள் குரலும் உங்கள் வாசனையும் வந்தால் வலிக்கும் என்பது மட்டும்தான் அதற்குப் பதியும். திடீரென்று இடம் மாறி மூத்திரம் போனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், குறிப்பாகக் கடுவனாக இருந்தால் அன்றைக்கே. மூத்திரப்பாதை அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

அப்புறம், பூனையின் படுக்கைத் துணிகளை எல்லாம் ஒரே நாளில் துவைக்காதீர்கள். ஒன்றையாவது மிச்சம் வையுங்கள்.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்க வேண்டியிருந்தது. கிளம்பும் முன் அன்று போட்டிருந்த துப்பட்டாவைத் துவைக்காமல் பஞ்சுவின் கூடையில் மடித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சட்டென்று கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “பஞ்சூ...” என்று கூப்பிட்டேன். உள்ளே தரையில் தொப்பென்று குதிக்கும் சத்தம் கேட்டது. கூட வந்த அப்பா எனக்கு முன்னால் உள்ளே போய், முழங்கால் வலியோடு மெதுவாகக் குனிந்து, ஒரு விரலை நீட்டினார்.